காது உடைந்தவருக்குப் போட்ட ஊசி

என் அக்காவைக் கட்டியவர் சங்கு குளிக்கிறவர். நான் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன். எங்கள் கரையில் குளியாளியின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். நம்பிக்கை சரிதான். ஆனால் வள்ளத்தின் விளிம்பில் கயிற்றோடு நிற்கிறவன் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றதற்கும் வீட்டு நிலைமை பாதி காரணம் என்றால், வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பாரே என்ற பயம் பாதி. கயிறு பிடிக்கிற வேலையில் பேச்சு கிடையாது. அதனால் அது எனக்குப் பொருந்திப்போனது.

முத்துக் குளிக்கிற சலாபம் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சங்குதான் எங்களுக்குச் சோறு. தூத்துக்குடிக் கரையிலிருந்து விடியும்போது பாய் விரித்துப் போனால் வெயில் ஏறும்போது கடலடியில் சங்கு கிடக்கிற பாருக்குப் போய்ச் சேருவோம். அத்தான் ஒரு காலைக் கல்லில் ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். நான் கல்லை விடுவேன். அவர் அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வேன். இடுப்பு மடியில் சங்கைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது அவர் பக்கத்தில் தொங்குகிற இன்னொரு கயிற்றைப் பிடித்துச் சுண்டுவார். சுண்டியதும் இழுக்க வேண்டும். சுண்டுவதற்கு முன்னால் இழுக்கக் கூடாது. அவசரப்பட்டு இழுக்கிறவனைக் கரையில் எல்லாரும் கேலி செய்வார்கள். குளியாளிக்கும் அது அவமானம். நான் மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன். இத்தனை தடவை சொல்லி முடிப்பதற்குள் அத்தான் சுண்டிவிடுவார் என்று எனக்கு ஒரு பழக்கம். ஒரு தடவை கூடுதலாகச் சொல்ல நேர்ந்தால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், அத்தானின் கெண்டைக்காலில் திருக்கை குத்தியது. மணலில் புதைந்து கிடந்ததை அவர் மிதித்திருக்கிறார். மேலே வந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தார். முள்ளைப் பிடுங்கிக் காட்டினார். வீட்டில் அக்கா சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொல்லி, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். திருக்கை குத்தாத ஆள் எங்கள் தெருவில் குறைவு. எல்லாரும் வலியில் உருண்டு, பிறகு எழுந்து கடலுக்குப் போனவர்கள்தான். அதனால் ஆரம்பத்தில் யாரும் பயப்படவில்லை. எனக்கு மட்டும், அந்தக் காலைச் சுற்றி ஏறிவந்த சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கித் தோல் மினுங்கியது. அப்புறம் கறுப்புக் கொப்புளங்கள் கிளம்பின. அத்தான் காய்ச்சலில் உளற ஆரம்பித்தார்.

ஊரில் அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர் ஒருவர் இருந்தார். வயது அதிகமில்லை. புதுப்புது மருந்துகளைப் பற்றிப் படிக்கிறவர் என்று பேர். அவர் புண்ணைக் கீறிவிட்டு சல்பா பொடியைத் தூவினார். சல்பா மாத்திரை கொடுத்தார். அதற்கும் காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீர் சிவந்து, குறைந்துகொண்டே போனது. மாத்திரையை நிறுத்திவிட்டு பெனிசிலின் போட்டார். யுத்தத்தில் குண்டு பட்டவர்களைப் பிழைக்க வைத்த மருந்து என்று நர்ஸ் சொன்னாள். அந்த ஊசியை மணி பார்த்துப் பார்த்துக் குத்தினார்கள். குத்துவதற்கு இடம் தேடவேண்டியிருந்தது. நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். ஒவ்வொரு ஊசிக்கும் அக்கா சிலுவை போட்டுக்கொள்வாள். காய்ச்சல் அப்படியே நின்றது. சிவப்பு முழங்காலைத் தாண்டித் தொடைக்கு ஏறியது. அறைக்குள் நுழைந்தாலே வாடை வந்தது. அந்த வாடை எனக்கு உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தது.

ஒரு மத்தியானம் டாக்டர் எங்களை வராந்தாவில் கூப்பிட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியும் வந்திருந்தார். அவருக்குக் குரல் பெரிது. கடலில் பேசிப் பழகிய குரல்.

“இவருக்கு ரொம்ப நெருக்கமானவங்க யாரு?” என்று டாக்டர் கேட்டார்.

சம்மாட்டி என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். “இவன்தான், கயிறு பிடிக்கிற மச்சினன். வாயத் தொறக்க மாட்டான். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்.”

“சல்பா கேக்கலை. பெனிசிலினும் கேக்கலை. இந்தக் கிருமி அதுக்கெல்லாம் அடங்காத சாதி. கடல் தண்ணியில இருக்கிறதா என்னன்னு எனக்கே சரியாத் தெரியலை.”

“காலை எடுத்திருவோமா?” என்றார் சம்மாட்டி. அவர் குரலே தாழ்ந்துவிட்டது.

“முன்னாலயே எடுத்திருந்தா சரி. இப்ப ரத்தத்துல கலந்துட்டுது. இன்னும் ஒரே ஒரு மருந்து பாக்கி. ஸ்ட்ரெப்டோமைசின்னு பேரு. காசநோய்க்குக் கண்டுபிடிச்சது. பெனிசிலினுக்கு அடங்காத சில கிருமிங்க இதுக்கு அடங்குதுன்னு எழுதியிருக்காங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் போட்டதில்லை. படிச்சதுதான்.”

“அதுக்கும் அடங்கலைன்னா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணுமில்லை.”

நான் வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை, ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்தது இருக்கிறது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போது அடியில் மண்ணே இல்லாத இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்” என்றார் டாக்டர். “இது சாதுவான மருந்து இல்லை. உயிரைக் காப்பாத்தினாலும் காதைக் கெடுத்துரும்னு சொல்றாங்க. எல்லாருக்கும் இல்லை, சில பேருக்கு. காதுல இரைச்சல் வரும், தலை சுத்தும், காது அப்படியே போயிடவும் போயிடும். திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லுங்க.”

சம்மாட்டி சிரித்துவிட்டார். அத்தனை நாளைக்குப் பிறகு அந்த வராந்தாவில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

“காதா? டாக்டரய்யா, குளியாளிக்கு ஏது காது? அதெல்லாம் மீசை முளைக்கும்போதே உடைஞ்சு போச்சு!”

அது உண்மை. எங்கள் பக்கம் குளிக்கப் பழகுகிறவனுக்கு ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்து ரத்தம் வரும். வந்தால்தான் அவன் குளியாளி. அப்புறம் கடல் அவன் தலையை நெருக்காது என்பார்கள். அத்தானின் காது உடைந்த அன்று வள்ளத்தில் கருப்பட்டி உடைத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டோம். எங்கள் தெருவில் ஆண்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிடுவது கோபத்தால் அல்ல; மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் காது போகும் என்று டாக்டர் சொன்னது, கைவிட்டுப்போன பொருளை ஒருவன் வந்து திருடப்போவதாகச் சொன்ன மாதிரி இருந்தது எங்களுக்கு.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா பேசினாள். “செவிட்டுப் புருசன் போதும் டாக்டர். நான் சத்தமாப் பேசிக்கிடுதேன். ஊசியப் போடுங்க.”

“ஏளா, இப்ப மட்டும் நீ காதோட காதாவா பேசுத?” என்றார் சம்மாட்டி. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிடவும் போய்விட்டார்.

மருந்து நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற மருந்து இல்லை. டாக்டர் சென்னைக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்து வரும் வரைக்கும் அத்தான் தாங்க மாட்டார் என்று தெரிந்தது. காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர், கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர், சம்மாட்டி கேட்டதற்காக அங்கிருந்து வாங்கி அனுப்பினார். அதற்கு விலை கொடுத்த பிறகு அக்கா கழுத்தில் தாலி மட்டும் மிச்சம் இருந்தது. வந்தது ரப்பர் மூடி போட்ட சின்னப் புட்டிகள். உள்ளே அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. இதற்குள்தான் அத்தானுடைய உயிர் இருக்கிறதா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டர் அதைக் கரைப்பதற்கு முன்னால் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்ததைப் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஊசிக்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் காலையில் நான் போனபோது அக்கா அத்தானின் நெற்றியில் புறங்கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் திரும்பி, “தொட்டுப் பாருலே” என்றாள். நெற்றி ஈரமாக இருந்தது. வேர்த்திருந்தது. சூடு குறைந்திருந்தது. டாக்டர் வந்து தொடையில் சிவப்பின் விளிம்பைப் பார்த்தார். அவர் மையால் போட்டுவைத்திருந்த கோட்டைத் தாண்டி அது ஏறவில்லை. அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

இதோடு எழுதி முடித்துவிடலாம் என்றால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கால் வற்றி, கொப்புளம் காய்ந்து, அத்தான் கஞ்சி கேட்டுக் குடிக்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் அவர் கட்டிலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

“மாப்ள, கட்டிலு ஏன் உருளுது?”

“உருளலையே அத்தான்.”

“நீயும் உருளுத. செவரும் உருளுது. அலை அடிக்கிற மாதிரி கிடக்கு. யாருல நங்கூரத்தைத் தூக்கினது?” என்று சிரிக்கப் பார்த்து, வாந்தி எடுத்தார்.

டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் அத்தானை உட்கார வைத்து, விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கண்ணையே பார்த்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நானும் அவரும் மட்டும்தான் அங்கே. என்னைப் பார்த்து அவர் பேசினாரா, தனக்குத்தானே பேசினாரா என்று தெரியவில்லை.

“ஆரம்பிச்சிட்டுது. நிறுத்தணும். ஆனா காய்ச்சல் இன்னும் முழுசா விடலை. சாயங்காலம் லேசா அடிக்குது. இப்ப நிறுத்தினா மிச்சம் கிடக்கிற கிருமி மறுபடி கிளம்பும். அரைகுறையா அடிபட்ட கிருமி இந்த மருந்துக்கும் பழகிடும்ங்கறாங்க. அப்புறம் இதையே போட்டாலும் கேக்காது. நிறுத்தலைன்னா காது போகும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

படித்தவர் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. பயம் எனக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருந்தேன். மருந்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கும் அதே பயம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது. “உசுரு இருக்கட்டும் அய்யா” என்று மட்டும் சொன்னேன். அவர் அளவைக் குறைத்து இன்னும் சில நாள் போட்டார். காய்ச்சல் அறவே நின்ற அன்று புட்டியிலும் மருந்து தீர்ந்திருந்தது.

காது போகவில்லை! அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பழையபடி கத்தினால் கேட்டது. அக்கா மாதா கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கிப் போனாள். டாக்டர், “இருட்டுல தனியா நடக்க விடாதீங்க, கொஞ்ச மாசம் ஜாக்கிரதை” என்று சொல்லி அனுப்பினார். படுக்கையில் கிடந்த உடம்பு அல்லவா, தேறும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் அத்தான் காலை அகட்டி வைத்து, கப்பல் தளத்தில் நடப்பது மாதிரி நடந்தார். ஒருநாள் கிணற்றடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர் அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். கோயிலில் பூசை நேரத்தில் எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடித் தலையைக் குனிந்தபோது, அவர் பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்துவிட்டார். வெளியே வந்ததும் அந்த ஆள் விடவில்லை.

“வே, கள்ளுக்கடையெல்லாம் மூடிட்டான்னு ஊரே காஞ்சு கிடக்கு. உமக்கு மட்டும் எங்கன வே கிடைக்குது? எங்களுக்கும் இடத்தைச் சொல்லும்.”

“ஆஸ்பத்திரியில. ஊசியில ஏத்துதான்” என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் தோளைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் விடவில்லை.

எனக்கு அந்தக் கண் மூடுகிற விஷயம்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. கண் திறந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கிறார். மூடினால் வெட்டின மரம் மாதிரி சாய்கிறார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வாடைக்காற்று தணிந்து சங்கு குளிக்க வள்ளங்கள் இறங்கின. அத்தான் ஒருநாள் கடலைப் பார்க்க வேண்டும் என்று வந்து, நங்கூரம் போட்டிருந்த எங்கள் வள்ளத்தில் ஏறினார். அங்கே அவர் நன்றாக நின்றார்! வள்ளம் ஆடுகிறது, எல்லாரும் காலை அகட்டித்தான் நிற்கிறார்கள், அவரும் நின்றார். அவருக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவர் முகம் தெளிந்தது.

“பாத்தியா மாப்ள? எனக்கு ஆகாதது தரைதாம்ல. கடல் என்னையத் தாங்குது. நாளைக்கு இறங்குதேன்.”

“வேண்டாம் அத்தான்” என்றேன்.

“என்ன வேண்டாம்? உங்கக்கா கழுத்தப் பாத்தியா? கால் காச்சலுக்கு ஆஸ்பத்திரியில கிடந்தவனை இன்னும் எத்தனை நாளு ஊரு சோறு போடும்?”

சம்மாட்டியும் அவர் பக்கம்தான். “தண்ணிக்குள்ள விழுறதுக்கு எங்கலே இடம்? கரையிலதான விழுவான்” என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பாரில் நங்கூரம் போட்டு, கல்லைக் கட்டி, எல்லாம் ஆயத்தமானபோது நான் கயிற்றைக் கையில் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

“இடுப்புல கயிறு கட்டினாத்தான் பிடிப்பேன்.”

எங்கள் கடலில் குளியாளியின் இடுப்பில் கயிறு கட்டுவது கிடையாது. கயிறு பக்கத்தில் தொங்கும், அவன் பிடித்துக்கொள்வான். கடலில் மாண்டவனைத் தூக்கும்போதுதான் இடுப்பில் கயிறு விழும்.

“எடு செருப்ப!” என்றார் அத்தான். “உசுரோட இருக்கிறவனுக்குப் பொணக்கயிறா கட்டுத?”

பக்கத்து வள்ளத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “ஏலே, மச்சினன் அத்தானை மாடு மாதிரி கட்டி மேய்க்கப் போறாம்ல! புல்லு இருக்கான்னு பாத்து இறக்கு!”

என் முகம் எரிந்தது. ஆனாலும் நான் கயிற்றை எடுக்கவில்லை. “கட்டுங்க அத்தான்” என்று மறுபடியும் அதையே சொன்னேன். கடைசியில் சம்மாட்டி, “கட்டித்தான் தொலையேன். பயந்தாங்கொள்ளி, விட மாட்டான். நேரம் போகுது” என்றார். அத்தான் என்னைப் பார்க்காமலே கையைத் தூக்கிக் காட்டினார். நான் முடிச்சுப் போட்டேன்.

முதலில் இறங்கினபோது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தெளிவு; அடிமணல்கூட மங்கலாகத் தெரிந்தது. வெயில் உச்சியில் நின்றது. அத்தான் இறங்கினார், பொறுக்கினார், சுண்டினார், வந்தார். மடியிலிருந்த சங்குகளைத் தளத்தில் கொட்டிவிட்டு என் தலையில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டினார். “எங்கல உன் பொணக்கயிறு?” அடுத்ததும் அப்படியே. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஒருவேளை கடல் அவரை உண்மையிலேயே தாங்குகிறதோ என்று நினைத்தேன்.

அந்த இடத்தில் சங்கு குறையவும், சம்மாட்டி நங்கூரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். அங்கே அடி வேறு மாதிரி. வண்டல். ஏற்கெனவே வேறு ஆட்கள் இறங்கிக் கலக்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து வெயிலை மறைத்தது. தண்ணீர் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. அத்தான் கல்லில் காலை வைத்துத் தலையை ஆட்டினார். நான் விட்டேன்.

கல்லை மேலே இழுத்துக்கொண்டு மந்திரத்தை ஆரம்பித்தேன். இடுப்புக் கயிறு என் விரலில் மெல்ல ஓடியது. அவர் நடக்கிறார் என்று தெரிந்தது. பிறகு அது ஓட்டம் மாறி, ஒரே திசையில் வேகமாகப் போக ஆரம்பித்தது. சங்கு பொறுக்குகிறவன் அப்படிப் போக மாட்டான். நின்று நின்று போவான். இது எங்கேயோ அவசரமாகப் போகிறவன் போக்கு. வழக்கமாகச் சொல்லி முடிக்கிற மந்திரமெல்லாம் முடிந்துவிட்டது. இன்னொன்று சொன்னேன். சுண்டவில்லை. இன்னொன்று. கயிறு வள்ளத்தை விட்டு விலகி, சாய்வாகப் போய்க்கொண்டே இருந்தது.

“சுண்டலையா?” என்றார் சம்மாட்டி.

நான் இழுத்தேன்.

கயிறு ஒரு முழம் வந்தது. அப்புறம் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது. சுண்டல் இல்லை. என்னை எதிர்த்து இழுக்கிற இழுப்பு. என் உள்ளங்கைத் தோல் வழுகிப்போனது. நான் அவரை மேலே இழுக்கிறேன், அவர் என்னிடமிருந்து பிய்த்துக்கொண்டு கீழே போகப் பார்க்கிறார். இத்தனை வருஷம் கயிறு பிடித்த என் கைக்கு அப்படி ஒன்று தெரிந்ததே இல்லை. ஏதாவது பெரிய மீன் அவரைப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். மாதாவே என்று வாய்விட்டுக் கத்தினேன். சம்மாட்டியும் ஓடிவந்து என்னோடு சேர்ந்து பிடித்தார். இரண்டு பேருமாக இழுக்க இழுக்க, அடியில் ஒருவன் முழு பலத்தோடும் போராடினான். பிறகு அந்தப் போராட்டம் சட்டென்று தளர்ந்தது. அது அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

அவர் கால் முன்னாலும் தலை பின்னாலுமாகத் தண்ணீருக்கு மேலே வந்தார். வள்ளத்தில் தூக்கிப் போட்டோம். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, மூச்சு வந்தது. விரல்களின் இடுக்கெல்லாம் வண்டல். அடியைப் பிறாண்டியிருக்கிறார். பேச முடிந்ததும் அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

“ஏம்ல என்னைய அடியில இழுத்த? நான் மேல வந்துக்கிட்டு இருந்தேன். வந்துட்டேன். நீ கீழ இழுத்துட்டியே, பாவி!”

பக்கத்து வள்ளத்தில் கேலி செய்தவனும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க மண்ணுக்குள்ள போய்க்கிட்டு இருந்தீங்க அத்தான்” என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். நகத்துக்குள் இருந்த சேற்றைப் பார்த்தார். என் சட்டையை விட்டுவிட்டார். அவர் முகத்தில் அதுவரைக்கும் நான் பயத்தைப் பார்த்ததில்லை. காய்ச்சலில் சாகக் கிடந்தபோதும் பார்த்ததில்லை. அப்போது பார்த்தேன். சத்தத்தைக் கேட்கிற காது உடைந்தே கிடந்தது. அந்த மருந்து அதைத் தொடவே இல்லை. மேலே எது, கீழே எது என்று சொல்ல மனுஷனுக்குள் வேறொன்று இருக்கிறது போலும். எங்களில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. அதைத்தான் கொடுத்துவிட்டு உயிரை வாங்கியிருந்தோம்.

உப்புத்தண்ணீர் எரிந்ததால் அவர் கண்ணை மூடினார். மூடியதும் வள்ளத்தின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, நான் நேராத்தான இருக்கேன்?”

“நேராத்தான் இருக்கீங்க.”

“பொய் சொல்லாதல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளை என் தோளோடு அணைத்துக்கொண்டேன். சம்மாட்டி இடுப்பு முடிச்சை அவிழ்க்க வந்தார். தண்ணீரில் இறுகிப்போய் அவிழவில்லை. கத்தியை எடுத்தார். அத்தான் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“கரைக்குப் போய் அவுத்துக்கிடலாம்” என்றார். பிறகு, “கல்லை வேற ஆளுக்குக் குடுங்க” என்றார்.

சம்மாட்டி பாயை ஏற்றினார். கரை வருகிற வரைக்கும் கயிற்றின் மறுமுனையை நான் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.